உபுண்டுவில் விண்டோஸ் விஎம்: விர்ச்சுவல்பாக்ஸ் நின்றுபோனால் கேவிஎம் பக்கம் வாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இன்டெல் ப்ராசசரும் 16 ஜிபி ரேமும் உள்ள மடிக்கணினியில் உபுண்டு 24.04 வைத்திருக்கிறீர்கள். கணக்கு எழுதித் தரும் தொழில் என்பதால் டாலி கணக்கு மென்பொருளுக்கும், வரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் (யுஎஸ்பியில் செருகும் சாவி) விண்டோஸ் தேவைப்படுகிறது. விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விஎம் (கணினிக்குள் மென்பொருளால் அமைத்த இன்னொரு கணினி) முன்பு ஒழுங்காக ஓடியது. ஒரு சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு, ஸ்டார்ட் அழுத்தினால் 'விஎம்எக்ஸ் ரூட் மோட்' என்று பெரிய எழுத்தில் ஒரு பிழை வந்து நின்றுவிடுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது, டோக்கன் விஎம்முக்குள் வேலை செய்யுமா, நண்பரின் 8 ஜிபி கணினியிலும் இதையே செய்யலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

முதலில் பிழை. உங்கள் கணினியில் எதுவும் பழுதாகவில்லை, விர்ச்சுவல்பாக்ஸை நீங்கள் தவறாக நிறுவவும் இல்லை. இன்டெல் 2005-இலும் ஏஎம்டி 2006-இலும் தங்கள் ப்ராசசர்களில் இப்படி விஎம் ஓட்டுவதற்கென்றே, அதாவது மெய்நிகராக்கத்துக்கென்றே, ஒரு தனி வசதியைச் சேர்த்தன. இன்டெல்லில் அதன் பெயர் விடி-எக்ஸ், ஏஎம்டியில் ஏஎம்டி-வி அல்லது எஸ்விஎம். எந்த விஎம் மென்பொருளும் வேகமாக ஓட வேண்டுமானால் ப்ராசசரை அந்த வசதி இயங்கும் நிலைக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். உங்கள் பிழையில் வரும் 'விஎம்எக்ஸ் ரூட் மோட்' என்பது இன்டெல்லில் அந்த நிலையின் பெயர். அதை ஒரு நேரத்தில் ஒருவர்தான் கையில் வைத்திருக்க முடியும்.

உபுண்டுவின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலிலேயே கேவிஎம் என்ற மெய்நிகராக்கப் பகுதி உண்டு. முன்பெல்லாம் அது, யாராவது கேவிஎம் வழியாக ஒரு விஎம்மைத் தொடங்கும்போதுதான் ப்ராசசரின் இந்த வசதியைக் கையில் எடுக்கும். அதுவரை சும்மா இருக்கும். அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் இடைஞ்சல் இல்லாமல் ஓடியது. 2024 நவம்பரில் வந்த கெர்னல் 6.12-இலிருந்து இந்த வழக்கம் மாறிவிட்டது. கேவிஎம் மாட்யூல் (கெர்னலில் ஏற்றவும் இறக்கவும் கூடிய துண்டு) ஏற்றப்பட்டவுடனேயே வசதியைத் தன்வசம் எடுத்துக்கொள்கிறது. உபுண்டு 24.04 முதலில் 6.8 கெர்னலோடு வந்தது. 24.04.3 வெளியானபோது டெஸ்க்டாப் பயனர்களுக்கு அது 6.14 ஆக உயர்ந்தது. உங்கள் 'அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிட்டது' என்பதற்குக் காரணம் அநேகமாக இதுவே. டெர்மினலில் 'யுநேம்' கட்டளையைக் கழித்தல் குறியும் சிறிய 'ஆர்' எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று காட்டும். 6.12 அல்லது அதற்கு மேல் என்றால் சந்தேகமே வேண்டாம்.

இன்றைக்கே வேலை நடந்தாக வேண்டும், நாளை தாக்கலுக்குக் கடைசி நாள் என்ற நிலையில் இருந்தால் தற்காலிகமாக ஒன்று செய்யலாம். 'மோட்ப்ரோப்' கட்டளையைக் கழித்தல் ஆர் விருப்பத்தோடும், நிர்வாகி அனுமதி தரும் சூடோவோடும் கொடுத்து, 'கேவிஎம் அண்டர்ஸ்கோர் இன்டெல்' என்ற மாட்யூலை இறக்கிவிடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் உடனே ஓடும். அடுத்த முறை கணினியை இயக்கும்போது மாட்யூல் மறுபடியும் ஏறிவிடும். இதை நிரந்தரமாக்க வேண்டுமானால் உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்புக் கோப்பில் கெர்னலுக்குப் போகும் வரியில் 'கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்' என்பதற்கு 0 என்ற மதிப்பைச் சேர்த்து, 'அப்டேட்-கிரப்' ஓட்ட வேண்டும். கேவிஎம் அப்போது பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அது இல்லை. விர்ச்சுவல்பாக்ஸை விட்டுவிட்டு கேவிஎம்முக்கே மாறிவிடுங்கள். தொழிலுக்காக, தினமும், ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய ஒரு விண்டோஸ் இது. அதற்கு லினக்ஸில் கேவிஎம்மே சரியான இடம் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளிது. விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் கெர்னலுக்கு வெளியிலிருந்து வருபவை. கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் அவற்றின் மாட்யூல்களைப் புதிதாகக் கட்ட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் கெர்னலின் உள்ளமைப்பு கொஞ்சம் மாறிவிட்டால் அது கட்டத் தெரியாமல் நிற்கும். கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால் இன்னொரு வேலை சேரும்: அந்த மாட்யூலுக்குக் கையொப்பமிட்டு, மறுதொடக்கத்தின்போது வரும் நீலத் திரையில் கடவுச்சொல் கொடுத்து அந்தச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் திரையை என்னவென்று தெரியாமல் தாண்டிப் போய்விட்டு, 'கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்ட்' என்ற பிழையோடு அலைபவர்கள் ஏராளம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனை பிராட்காம் 2024 நவம்பரில் எல்லோருக்கும் இலவசமாக்கியது. மென்பொருள் நல்லதுதான். ஆனாலும் மாட்யூல் கட்டும் இந்தத் தொல்லை அதற்கும் அப்படியே உண்டு.

கேவிஎம் கெர்னலின் பகுதி. 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது. கும்ராநெட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தில் தொடங்கியது; அந்த நிறுவனத்தை 2008-இல் ரெட்ஹாட் வாங்கியது. இன்று கூகுளின் கிளவுட் விஎம்கள் கேவிஎம் மேல் ஓடுகின்றன, அமேசானின் நைட்ரோவும் கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்டதுதான். அத்தனை பெரிய சுமையைத் தாங்கும் அதே நிரல் உங்கள் மடிக்கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. கெர்னல் அப்டேட் ஆனால் அதுவும் கூடவே அப்டேட் ஆகும். செக்யூர் பூட்டுக்கு உபுண்டுவின் கையொப்பம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். நீங்கள் எதையும் கட்ட வேண்டியதில்லை.

இங்கே நான்கு பெயர்கள் வரும், குழம்பிவிடாதீர்கள். கேவிஎம் என்பது ப்ராசசரோடு பேசும் கெர்னல் பகுதி. கியூஎமு என்பது டிஸ்க், நெட்வொர்க், திரை, யுஎஸ்பி போன்ற வன்பொருள்களைப் போலச் செய்து காட்டும் நிரல். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் தொடங்கியது. லிப்விர்ட் இவை இரண்டையும் நிர்வகிக்கும் சேவை. விர்ட்-மேனேஜர் என்பது நீங்கள் கண்ணால் பார்க்கும் ஜன்னல். விர்ச்சுவல்பாக்ஸில் ஒரே பெட்டிக்குள் இருந்தவை இங்கே தனித்தனியாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

நிறுவும் முன் ப்ராசசர் வசதி பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பகுதி) இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் ஓடியிருக்கிறது என்பதால் அது இயங்குகிறது என்றே அர்த்தம். நண்பரின் கணினிக்காகச் சொல்கிறேன்: 'சிபியு-செக்கர்' என்ற பொதியை நிறுவி 'கேவிஎம்-ஓகே' கட்டளையை ஓட்டுங்கள். முடியும் என்றோ முடியாது என்றோ தெளிவாகச் சொல்லிவிடும். பயாஸில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால், இன்டெல் கணினியில் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்ற வரியையும் ஏஎம்டியில் 'எஸ்விஎம் மோட்' என்ற வரியையும் தேடி எனேபிள் செய்யுங்கள். ஏஎம்டி மதர்போர்டுகள் பலவற்றில் இது பாதுகாப்புப் பகுதியில் இருக்காது, ஓவர்கிளாக்கிங் அமைப்புகளுக்குள் சிபியு பிரிவில் ஒளிந்திருக்கும். மாற்றிய பிறகு வெறும் ரீஸ்டார்ட் போதாத கணினிகளும் உண்டு. முழுதாக அணைத்துவிட்டு இயக்குங்கள்.

இனி நிறுவல். 'விர்ட்-மேனேஜர்', 'லிப்விர்ட்-டெமன்-சிஸ்டம்', 'கியூஎமு-சிஸ்டம்-எக்ஸ்86', 'ஓவிஎம்எஃப்', 'எஸ்டபிள்யூடிபிஎம்-டூல்ஸ்', 'விர்டையோஎஃப்எஸ்டி' ஆகிய பொதிகள் வேண்டும். எல்லாம் உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலேயே உள்ளன. வெளியிலிருந்து எதையும் சேர்க்க வேண்டாம். ஓவிஎம்எஃப் என்பது விஎம்முக்கான யுஇஎஃப்ஐ, அதாவது பயாஸின் இன்றைய வடிவம். எஸ்டபிள்யூடிபிஎம் என்பது மென்பொருளாலான டிபிஎம், அதாவது சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு. விண்டோஸ் 11 நிறுவியில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் வசதியுள்ள யுஇஎஃப்ஐ, 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள் என்பதால்தான் இவ்விரண்டும் வேண்டியிருக்கின்றன. விண்டோஸ் 10 போட்டால் இந்தத் தொந்தரவு இல்லையே என்று தோன்றலாம். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மற்றவர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் கையாளுகிற கணினியில் அதைப் புதிதாகப் போட வேண்டாம்.

நிறுவி முடித்ததும் உங்கள் பயனர் பெயர் 'லிப்விர்ட்' குழுவில் இருக்க வேண்டும். உபுண்டு பெரும்பாலும் தானே சேர்த்துவிடும். ஆனால் லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால்தான் அது செல்லுபடியாகும். விர்ட்-மேனேஜரைத் திறந்ததும் லிப்விர்ட்டோடு இணைய முடியவில்லை என்று வந்தால் பத்தில் எட்டு முறை இதுதான் காரணம்.

விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் சிடியின் நகல்) மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆக்டிவேட் செய்ய விஎம்முக்கென்று ஒரு உரிமம் வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். கூடவே ஃபெடோரா திட்டம் வழங்கும் 'விர்டையோ-வின்' ஐஎஸ்ஓவையும் இறக்குங்கள். இது ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'கேவிஎம்மில் விண்டோஸ் ஆமை வேகம்' என்று புலம்புபவர்கள் அநேகமாக எல்லோரும் தவறவிட்டது இந்த ஒன்றைத்தான்.

விஎம்முக்குள் இருக்கும் விண்டோஸுக்கு வழக்கமான சாட்டா வகை டிஸ்க் ஒன்று இருப்பதுபோல கியூஎமு காட்ட முடியும். விண்டோஸிடம் அதற்கான டிரைவர் ஏற்கெனவே இருப்பதால் கேள்வி கேட்காமல் ஓடும். ஆனால் இல்லாத ஒரு சாட்டா கண்ட்ரோலரை ஒவ்வொரு அசைவிலும் போலி செய்து காட்ட வேண்டியிருப்பதால் டிஸ்க் வேகம் குறையும், ப்ராசசரும் வீணாகும். விர்டையோ அப்படி எந்த உண்மை வன்பொருளையும் போலி செய்வதில்லை. விஎம்முக்காகவே வடிவமைத்த ஒரு இடைமுகம் அது. 'நான் ஒரு விஎம்மில்தான் இருக்கிறேன்' என்று தெரிந்த டிரைவர், ஹோஸ்டோடு, அதாவது வெளியே உள்ள உபுண்டுவோடு, நேரடியாகப் பேசி வேலையை முடிக்கிறது. லினக்ஸ் கெஸ்ட்களில், அதாவது விஎம்முக்குள் ஓடும் லினக்ஸ்களில், இந்த டிரைவர் கெர்னலிலேயே உண்டு. விண்டோஸில் கிடையாது, நாம்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டு ஐஎஸ்ஓக்களையும் உங்கள் ஹோம் அடைவில் வைக்காதீர்கள். கியூஎமு ஒரு தனிப் பயனராக ஓடுகிறது. உபுண்டுவில் ஒருவரின் ஹோம் அடைவுக்குள் மற்றவர் நுழைய முடியாது. கோப்பு கண்முன் இருந்தும் 'பர்மிஷன் டினைட்' என்று வரும். 'வார்' அடைவுக்குள் 'லிப்', அதற்குள் 'லிப்விர்ட்', அதற்குள் 'இமேஜஸ்' என்ற இடம் இதற்கென்றே இருக்கிறது. சூடோ கொடுத்து அங்கே நகர்த்திவிடுங்கள்.

விர்ட்-மேனேஜரில் புதிய விஎம், லோக்கல் இன்ஸ்டால் மீடியா, விண்டோஸ் ஐஎஸ்ஓ என்று போங்கள். விண்டோஸ் 11 என்று தானே கண்டுகொள்ளும். இல்லையென்றால் நீங்களே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் பல இயல்புநிலை அமைப்புகள் அதைப் பொறுத்தே வரும். 16 ஜிபி ரேமில் விஎம்முக்கு 6 ஜிபி, அதாவது 6144 எம்பி கொடுங்கள். டாலிக்கும் ஒரு உலாவிக்கும் அது தாராளம். 8 கொடுக்கலாமே என்று தோன்றும். உபுண்டுவும் அதன் உலாவியும் தங்கள் பங்குக்கு நிறையத் தின்னும். ரேம் போதாமல் ஹோஸ்ட் ஸ்வாப்புக்கு (டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்துவது) போய்விட்டால் விஎம் உட்பட எல்லாமே திணறும். சிபியு 4 போதும். டிஸ்க் 80 ஜிபி. விஎம்மின் டிஸ்க்காக இருக்கும் கோப்பு கியூகவ்2 வடிவம் என்பதால் உண்மையில் எழுதப்பட்ட அளவுக்குத்தான் இடம் பிடிக்கும்.

கடைசிப் பக்கத்தில் 'கஸ்டமைஸ் கான்ஃபிகரேஷன் பிஃபோர் இன்ஸ்டால்' என்ற பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். ஃபர்ம்வேரைப் பின்னால் மாற்றுவது தலைவலி என்பதால் இப்போதே சரியாக இருக்க வேண்டும். சிப்செட் கியூ35, ஃபர்ம்வேர் யுஇஎஃப்ஐ என்று இருக்கிறதா, டிபிஎம் சாதனம் பட்டியலில் இருக்கிறதா, அதன் பதிப்பு 2.0 தானா என்று பாருங்கள். சிபியு பக்கத்தில் ஹோஸ்ட் சிபியுவை அப்படியே காட்டும் 'ஹோஸ்ட்-பாஸ்த்ரூ' இருக்கட்டும். அங்கேயே டோப்பாலஜியில் சாக்கெட் 1, கோர் 4 என்றிருக்க வேண்டும். சாக்கெட் 4, கோர் 1 என்று இருந்தால் விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரே ஒரு சாக்கெட்டைத்தான் பயன்படுத்தும். நீங்கள் நான்கு கொடுத்தும் அது ஒன்றில் ஓடும், காரணம் புரியாமல் நாட்கள் போகும்.

டிஸ்க் பக்கத்தில் பஸ் வகையை விர்டையோ என்று மாற்றுங்கள். அட்வான்ஸ்ட் பகுதியில் டிஸ்கார்ட் மோடை 'அன்மேப்' ஆக்குங்கள். விண்டோஸுக்குள் கோப்புகளை அழிக்கும்போது கியூகவ்2 கோப்பும் சுருங்க இது வழிசெய்யும். இல்லையென்றால் அது வளர்ந்துகொண்டே போகும். பிறகு இன்னொரு சிடிராம் சேர்த்து அதில் விர்டையோ-வின் ஐஎஸ்ஓவைப் போடுங்கள். நெட்வொர்க் கார்டை இப்போதைக்கு 'இ1000இ' என்றே விட்டுவிடுங்கள். விண்டோஸ் 11 நிறுவலின் நடுவில் இணையம் கேட்கும். அந்தக் கார்டுக்கு டிரைவர் அதனிடமே இருக்கிறது.

நிறுவலைத் தொடங்கியதும் ஜன்னலை க்ளிக் செய்துவிட்டுத் தயாராக இருங்கள். சிடியிலிருந்து பூட் ஆக ஏதாவது விசையை அழுத்து என்று ஒரு வரி சில நொடிகள் மட்டும் வரும். அதைத் தவறவிட்டால் மஞ்சளும் வெள்ளையுமான எழுத்துகளோடு யுஇஎஃப்ஐ ஷெல் வந்து நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஃபோர்ஸ் ரீசெட் கொடுத்து இந்த முறை விசையை அழுத்துங்கள்.

டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் ஒரு டிஸ்க்கும் தெரியாது. எதிர்பார்த்ததுதான். 'லோட் டிரைவர்' அழுத்தி, விர்டையோ சிடியில் 'வியோஸ்டோர்' அடைவு, அதற்குள் 'டபிள்யூ11', அதற்குள் 'ஏஎம்டி64' என்று போங்கள். ப்ராசசர் இன்டெல் ஆனாலும் அந்த அடைவுதான், 64 பிட் என்பதற்கான பெயர் அது. டிரைவர் ஏறியதும் 80 ஜிபி டிஸ்க் தெரியும். அப்புறம் வழக்கமான விண்டோஸ் நிறுவல்தான்.

டெஸ்க்டாப் வந்ததும் விர்டையோ சிடியைத் திறந்து 'விர்டையோ-வின்-கெஸ்ட்-டூல்ஸ்' நிறுவியை ஓட்டுங்கள். மீதி டிரைவர்கள், ஜன்னலுக்கு ஏற்பத் திரை அளவு மாறுவது, ஹோஸ்டுக்கும் கெஸ்டுக்கும் இடையே காப்பி பேஸ்ட் எல்லாம் இதில் வந்துவிடும். விர்ச்சுவல்பாக்ஸில் கெஸ்ட் அடிஷன்ஸ் செய்யும் வேலை. விண்டோஸை அணைத்துவிட்டு, இப்போது நெட்வொர்க் கார்டையும் விர்டையோவுக்கு மாற்றி மறுபடி இயக்குங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸில் டாலியோடு அமைத்த பழைய விண்டோஸ் இருக்கிறதே, அதையே கொண்டுவர முடியாதா என்று நினைப்பீர்கள். 'கியூஎமு-இமேஜ்' கட்டளையின் 'கன்வெர்ட்' வசதியால் விர்ச்சுவல்பாக்ஸின் விடிஐ டிஸ்க் கோப்பைக் கியூகவ்2 ஆக மாற்றலாம். பழைய விஎம் யுஇஎஃப்ஐயில் நிறுவப்பட்டதா பழைய பயாஸிலா என்று பார்த்து அதே வகையில் புது விஎம்மை அமைக்க வேண்டும், டிஸ்க்கை முதலில் சாட்டாவாகவே இணைக்க வேண்டும், விண்டோஸ் ஆக்டிவேஷனை மறுபடி கேட்கக்கூடும். செய்ய முடியும்தான். ஆனால் டாலியின் தரவை பேக்கப் எடுத்துப் புது விண்டோஸில் ரீஸ்டோர் செய்வது இதைவிட நிம்மதி. டாலி உரிமத்தைப் பழைய விஎம்மில் சரண்டர் செய்துவிட்டு வாருங்கள், அதற்காகவாவது அந்த விஎம்மை மேலே சொன்ன தற்காலிக வழியில் ஒருமுறை ஓட்ட வேண்டியிருக்கும்.

இப்போது டோக்கன். நன்றாகவே வேலை செய்யும், இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விஎம்மின் அமைப்பில் 'யுஎஸ்பி ஹோஸ்ட் டிவைஸ்' என்று டோக்கனை நிரந்தரமாகச் சேர்ப்பது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: டோக்கன் செருகப்படாமல் இருக்கும்போது விஎம்மைத் தொடங்கினால், அந்தச் சாதனத்தைக் காணோம் என்று சொல்லி விஎம் தொடங்கவே மறுக்கும். டோக்கன் வீட்டில், நீங்கள் வாடிக்கையாளர் அலுவலகத்தில் என்றால் வேலை கெட்டது. அதனால் இரண்டாவது வழியையே சொல்வேன். விஎம் ஓடும்போது மேலே உள்ள மெனுவில் 'ரீடைரக்ட் யுஎஸ்பி டிவைஸ்' என்பதைத் திறந்து டோக்கனை டிக் செய்யுங்கள். அந்தக் கணமே உபுண்டுவை விட்டு டோக்கன் விண்டோஸுக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் டிக்கை எடுத்துவிட்டால் திரும்பி வரும். டோக்கனுக்கான டிரைவரை விண்டோஸுக்குள்தான் நிறுவ வேண்டும்.

டிக் செய்தும் டோக்கன் போகவில்லை, அல்லது போய்விட்டு உடனே திரும்பி வந்துவிடுகிறது என்றால் உபுண்டுவில் ஓடும் 'பிசிஎஸ்சிடி' என்ற ஸ்மார்ட்கார்டு சேவை அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் சர்வீஸையும் சாக்கெட்டையும், இரண்டையும் நிறுத்த வேண்டும். சர்வீஸை மட்டும் நிறுத்தினால் சாக்கெட் அதை மறுபடி எழுப்பிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பமிட எம்சைனரும், வருமான வரித் தளத்தில் எம்பிரிட்ஜும் தேவைப்படுகின்றன அல்லவா? உலாவியில் திறந்திருக்கும் பக்கம், அதே கணினியில் ஓடும் அந்தச் சிறு நிரலோடு பேசுகிறது. ஆகவே டோக்கன் விண்டோஸில் இருக்க, தளத்தை உபுண்டுவின் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் சான்றிதழே தெரியாது. தளம், நிரல், டோக்கன் மூன்றும் விண்டோஸுக்குள் இருக்க வேண்டும்.

நெட்வொர்க்குக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. லிப்விர்ட் தானே ஒரு நாட் நெட்வொர்க் (உபுண்டுவின் இணைப்பு வழியே விஎம் வெளியே போகும் அமைப்பு) அமைத்துவிடும். விஎம்முக்கு 192.168.122 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும், ஹோஸ்ட் அதன் கண்ணுக்கு 192.168.122.1. எப்போதாவது 'டிஃபால்ட் நெட்வொர்க் ஆக்டிவ் இல்லை' என்று வந்தால் விர்ட்-மேனேஜரில் கனெக்‌ஷன் டீடெயில்ஸ் போய் அதைத் தொடங்கி, ஆட்டோஸ்டார்ட்டையும் டிக் செய்துவிடுங்கள். அலுவலகத்தில் மற்ற கணினிகளும் இந்த டாலியோடு சேர வேண்டும் என்றால்தான், விஎம்மை அலுவலக நெட்வொர்க்கிலேயே நேரடியாகச் சேர்க்கும் பிரிட்ஜ் வேண்டும். அதற்கு ஈதர்நெட் கேபிள் கட்டாயம். வைஃபையில் சாதாரண பிரிட்ஜ் ஓடாது, ஏனென்றால் இணைப்பு வாங்கிய கார்டின் மேக் முகவரியைத் தவிர வேறு முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டுகளை ஆக்சஸ் பாயின்ட் ஏற்பதில்லை. வைஃபை பிரிட்ஜுக்காக மணிக்கணக்கில் அமைப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

கோப்புகளைப் பகிர விர்டையோஎஃப்எஸ் நல்லது. விஎம்மை அணைத்துவிட்டு மெமரி பக்கத்தில் 'ஷேர்ட் மெமரி'யை டிக் செய்து, ஃபைல்சிஸ்டம் ஒன்றைச் சேர்த்து, உபுண்டுவில் உள்ள ஒரு அடைவைக் காட்டுங்கள். விண்டோஸுக்குள் 'வின்எஃப்எஸ்பி' நிறுவி, சர்வீசஸ் பட்டியலில் விர்டையோஎஃப்எஸ் சேவையைத் தானாகத் தொடங்கும்படி வைத்தால் அந்த அடைவு இசட் டிரைவாகத் தெரியும். பில் பிடிஎஃப், எக்செல் கோப்புகள், டாலியின் பேக்கப் எல்லாம் இதில் போகட்டும். டாலியின் நடப்புத் தரவை மட்டும் இதில் வைக்காதீர்கள். அது விண்டோஸின் சொந்த டிஸ்க்கில் இருப்பதே பாதுகாப்பு.

பேக்கப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும், இது பிறருடைய கணக்கு. விர்ச்சுவல்பாக்ஸில் நீங்கள் அடிக்கடி ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையின் பதிவு) எடுத்துப் பழகியிருப்பீர்கள். உபுண்டு 24.04-இல் உள்ள லிப்விர்ட், யுஇஎஃப்ஐ விஎம்முக்கு விர்ட்-மேனேஜர் வழியாக ஸ்னாப்ஷாட் எடுக்க மறுக்கும். உண்மையில் இது பெரிய இழப்பில்லை. ஸ்னாப்ஷாட் அதே கோப்புக்குள்தான் இருக்கிறது, எஸ்எஸ்டி போனால் அதுவும் கூடவே போகும். விஎம்மை அணைத்துவிட்டு கியூகவ்2 கோப்பை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ஓடும்போது நகலெடுத்தால் அது பாதி எழுதிய நிலையில் இருக்கும், நம்ப முடியாது.

டிஸ்க் கோப்பு மட்டும் போதாது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. விஎம்மின் அமைப்பை 'விர்ஷ்' கட்டளையின் 'டம்ப்எக்ஸ்எம்எல்' கொண்டு ஒரு கோப்பாக எடுத்துவையுங்கள். யுஇஎஃப்ஐயின் நினைவு 'என்விராம்' அடைவிலும், டிபிஎம்மின் நிலை 'வார்', 'லிப்', 'லிப்விர்ட்' வழியாகப் போனால் வரும் 'எஸ்டபிள்யூடிபிஎம்' அடைவிலும் தனியாக இருக்கின்றன. அவற்றையும் நகலெடுக்க வேண்டும். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷனோ பிட்லாக்கரோ இயங்கியிருந்தால், டிஸ்க்கைத் திறக்கும் சாவி அந்த டிபிஎம்மில் பூட்டப்பட்டிருக்கும். டிபிஎம் நிலை இல்லாமல் டிஸ்க்கை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோனால் 48 இலக்க ரிகவரி சாவியைக் கேட்டு நிற்கும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். டாலியின் சொந்த பேக்கப்பை இசட் டிரைவுக்கு எடுப்பது இதற்கு மேல் தனியாக, தினமும் நடக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் விர்ச்சுவல்பாக்ஸே கூடாது என்று அர்த்தமில்லை. கல்லூரியில் விஎம்மை ஓவிஏ என்ற ஒரே கோப்பாகக் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள், விண்டோஸ், இன்டெல் மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே விஎம் ஓட வேண்டும் என்றால் அது வசதி. அலுவலகப் பயன்பாட்டுக்கு அதன் எக்ஸ்டென்ஷன் பேக்குக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் இலவசம். க்னோம் பாக்ஸஸ் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் கேவிஎம்தான், ஒரு லினக்ஸை முயன்று பார்க்க மிக எளிது. உங்கள் தேவைக்கு விர்ட்-மேனேஜர் தரும் கட்டுப்பாடு அதில் போதாது.

கடைசியாக நண்பரின் 8 ஜிபி கணினி. ஓடும், ஆனால் சுகமாக இருக்காது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி கொடுக்க வேண்டும், மீதி 4 ஜிபியில் உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டாப்பும் ஒரு உலாவியும் சேர்ந்தால் ஸ்வாப் தொடங்கிவிடும். எஸ்எஸ்டி இல்லை, பழைய சுழல் டிஸ்க் என்றால் முயலவே வேண்டாம். காலி ரேம் ஸ்லாட் இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுவதுதான் சரியான செலவு. அது முடியாது என்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான டெஸ்க்டாப்புக்கு மாறி, விஎம் ஓடும்போது உபுண்டு பக்கம் உலாவியைத் திறக்காமல் சமாளிக்கலாம். அவருக்கு டாலி தினமும் வேண்டாம், மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் தாக்கல் வேலை என்றால் இந்தச் சமாளிப்பே போதும்.